திறமை தானா மேல வருமா? முரளிக்கு இடம் பிடித்து வைத்திருந்தவர்கள்

"திறமை இருந்தா தானா மேல வரும்." மலையகத்துல விளையாட்டைப் பற்றி யார் கதைச்சாலும் கடைசியில இந்த வசனத்துல வந்து நிற்கும். மைதானம் இல்ல, கோச் இல்ல, பஸ்ஸுக்குக் காசில்லன்னு நாங்க அடுக்கிக்கொண்டு போகும்போது யாராவது ஒரு பெரியவர் குறுக்க வந்து, "முரளி வரலையா? அவரும் இங்க இருந்துதானே போனாரு?" என்று கேட்பார். அதோட பேச்சு முடிஞ்சிடும். முத்தையா முரளிதரன் என்ற பெயருக்கு முன்னால் யார் என்ன சொல்ல முடியும்?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது. முரளியின் கதையை வருடம் வருடமாகப் பிரித்து வைத்துப் பார்த்தால், அதில் தானாக நடந்தது மிகக் குறைவு. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர், இன்னும் முழுசாகத் தேறாத ஒரு பையனுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். அந்த இடம் சும்மா கிடந்த இடமும் இல்ல. இன்னொருவருக்குப் போயிருக்கக்கூடிய இடம்.

இதை விளங்கிக்கொள்ள, நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு விளையாட்டு வரைக்கும் போய் வருவோம். கிரிக்கெட்டில் யாரும் எழுதி வைக்காத ஒரு விஷயத்தை பேஸ்போல்காரர்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாற்பது பேர் பட்டியல்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்போலில் 30 அணிகள் இருக்கு. ஒவ்வொரு அணிக்கும் கீழே மைனர் லீக் அணிகள் சில. அங்கே ஏராளமான இளைஞர்கள் வருடக்கணக்கில் ஆடிப் பழகுவார்கள். ஆனால் ஓர் அணி "இவர் எங்கட ஆள், யாரும் தொடக்கூடாது" என்று பாதுகாத்து வைக்கிற முக்கியப் பட்டியலில் 40 பேருக்குத்தான் இடம்.

புதுசா ஒப்பந்தமான பையனுக்குக் கொஞ்ச காலம் தானாகவே பாதுகாப்பு இருக்கும். 18 வயதிலோ அதற்கு முன்னரோ ஒப்பந்தமானவருக்கு ஐந்து சீசன். 19 வயதுக்கு மேல் என்றால் நான்கு. அந்தக் காலம் முடிந்ததும் நவம்பர் மாதத்தில் அணி ஒரு முடிவெடுக்கணும். நாற்பதுக்குள் அவர் பெயரை எழுதுவதா, வெளியே விடுவதா? வெளியே விட்டால், டிசம்பரில் நடக்கிற "ரூல் 5" தெரிவில் வேறு எந்த அணியும் 100,000 டொலர் கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்த சீசன் முழுக்க அவரை 26 பேர் கொண்ட முதன்மை அணியிலேயே வைத்திருக்கணும். முடியாவிட்டால் பாதிக் காசுக்குப் பழைய அணிக்கே திருப்பிக் கொடுக்க முன்வரணும். சும்மா பிடித்து வைத்துக்கொண்டு பையனின் காலத்தை வீணடிக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கேட்க எளிதாகத்தான் இருக்கு. ஆனால் நாற்பது ஏற்கனவே நிரம்பியிருந்தால்? ஒரு பெயரை எழுத இன்னொரு பெயரை வெட்டணும். நாளைக்கே மட்ச் வென்று தரக்கூடிய 33 வயதுக்காரரா, நான்கு வருடம் கழித்து ஒருவேளை பெரிய ஆளாக வரக்கூடிய 20 வயதுக்காரரா? அந்த "ஒருவேளை"க்காக இன்றைக்கு ஓர் இடத்தைச் செலவழிக்கணும். பிழைத்துப் போனால் ரசிகர்கள் கூக்குரல் போடுவார்கள்.

பிழைத்துப்போன முடிவுகளில் பேர்போனது ஒன்று 1954ல் நடந்தது. அப்போது விதிகள் கொஞ்சம் வேறு மாதிரி, அடிப்படை ஒன்றுதான். புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணி புவேர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த ரொபர்டோ கிளெமென்டே என்ற பையனை ஒப்பந்தம் செய்தது. பெரிய தொகைக்கு ஒப்பந்தமான இளைஞரை முதன்மை அணியில் வைத்திருக்காவிட்டால், அந்த சீசன் முடிந்ததும் மற்ற அணிகள் எடுக்கலாம் என்பது அன்றைய விதி. டொட்ஜர்ஸ் அவரைக் கீழே மொன்ட்ரியல் ரோயல்ஸுக்கு அனுப்பியது. அங்கேயும் அவரை ஒழுங்காக முழு சீசனும் ஆட விடல. 1954 நவம்பர் 22ஆம் திகதி பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 20.

பிட்ஸ்பர்க்கில் அவர் முதல் வருடமே வெளுத்து வாங்கவில்லை. 1955ல் அவருடைய துடுப்பாட்டச் சராசரி .255 மட்டும்தான். ஆனால் அவர்கள் பொறுத்திருந்தார்கள். 18 சீசன்கள், 3,000 ஹிட்கள், 1960லும் 1971லும் உலகத் தொடர் வெற்றி. 1972 டிசம்பர் 31ஆம் திகதி, நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நிக்கராகுவாவுக்கு நிவாரணப் பொருட்கள் கொண்டுபோன விமானம் விழுந்து அவர் இறந்துபோனார். டொட்ஜர்ஸில் இருந்தபோதே கிளெமென்டேயிடம் திறமை இருந்தது. அவருக்காகக் காத்திருக்க ஓர் இடம்தான் அங்கே இருக்கவில்லை.

எங்கட ஊர்ப் பட்டியல்

இலங்கைக் கிரிக்கெட்டில் இப்படி நவம்பர் மாதம் கொடுக்கிற பட்டியல் ஏதும் இல்ல. ஆனால் பட்டியல் இல்லாமலும் இல்ல. பாடசாலையின் முதல் அணியில் 11 பேர். கொழும்புக் கழகத்தில் 11 பேர். வெளிநாட்டுச் சுற்றுப்பயணக் குழாமில் பதினைந்து பதினாறு பேர். அதற்கு மேல், 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அனுமதியும் வேணும். ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் பெயர்ப்பட்டியலோடு நிற்கிறார்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. பேஸ்போலில் நீங்கள் பாதுகாக்காத பையனை இன்னொரு அணி எடுக்கும். அவன் எங்கோ ஓரிடத்தில் ஆடுவான். இங்கே அப்படி இல்ல. கண்டிப் பையனை நாங்கள் பாதுகாக்காவிட்டால் அவனை எடுக்கப்போவது வெள்ளவத்தைக் கடையோ, மத்திய கிழக்கு விசாவோதான். அல்லது ஒரு நடுவரின் நீட்டிய கை. இதில் மூன்றாவதுதான் முரளிக்கு நடக்கப் பார்த்தது.

ஆனால் அதற்கு முன்னாலேயே அவருக்காகச் சில இடங்கள் பிடித்து வைக்கப்பட்டிருந்தன. அதை வரிசையாகப் பார்ப்போம்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு யோசனை

முரளி பிறந்தது 1972 ஏப்ரல் 17ஆம் திகதி. தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920ல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிறகு தாத்தா பெண்பிள்ளைகளோடு திருச்சிக்குத் திரும்பிப் போய்விட்டார். முரளியின் தகப்பன் முத்தையா உட்பட ஆண்பிள்ளைகள் இங்கேயே தங்கினார்கள். முத்தையா குண்டசாலைப் பக்கம் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அப்போது முரளிக்கு ஐந்து வயது. திரும்பவும் கட்டி எழுப்பினார்கள்.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முரளி மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் தொடங்கினார். நீட்டி நிமிர்த்த முடியாத முழங்கையும் சாதாரண உயரமும் கொண்ட ஒரு மிதவேகப் பந்துவீச்சாளர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று யோசித்துப் பாருங்க. பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, 14 வயது முரளியிடம் ஓஃப் ஸ்பின் போடச் சொன்னார். இது வெறும் அறிவுரை மட்டுமில்ல. ஏற்கனவே ஒன்றைச் செய்து வருகிற பையனை இன்னொன்றுக்கு மாற்றினால் அவன் முதலில் மோசமாகத்தான் போடுவான். அடி வாங்குவான். அந்தக் காலத்தையும் பொறுத்துக்கொண்டு அணியில் வைத்திருக்க யாராவது தயாராக இருக்கணும். முரளி நான்கு வருடம் பாடசாலையின் முதல் அணியில் ஆடினார். கடைசி இரண்டு சீசன்களில் நூறுக்கு மேல் விக்கெட். 1990/91ல் பாட்டா நிறுவனத்தின் வருடத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருது.

அடுத்த வாசல் கொழும்பு. கண்டியில் எவ்வளவு விக்கெட் எடுத்தாலும், கொழும்பில் ஒரு கழகம் கிடைக்காவிட்டால் தெரிவாளர்கள் கண்ணில் படுவது கஷ்டம். முரளிக்கு இடம் கொடுத்தது 1899ல் தொடங்கப்பட்ட தமிழ் யூனியன் கழகம். இலங்கை தன் முதலாவது டெஸ்டை 1982 பெப்ரவரியில் ஆடியது இந்தக் கழகத்தின் பி. சரவணமுத்து மைதானத்தில்தான். மலைநாட்டிலிருந்து வந்த 19 வயதுப் பையனுக்குத் தலைநகரில் ஒரு முகவரி கிடைத்தது.

பூச்சியம் விக்கெட்

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். யாரும் அதிகம் கதைக்காத இடமும் இதுதான்.

1991ல் முரளியை இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்துக்குக் கொண்டு போனார்கள். ஐந்து போட்டிகளில் ஆடினார். எடுத்த விக்கெட் எத்தனை? பூச்சியம். ஒன்றுகூட இல்ல.

இப்போது அந்தத் தெரிவாளர்களின் கதிரையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்க. வினோதமான கையோடு ஒரு பையன். ஊரில் பெரிய பெயர். வெளிநாட்டுக்குப் போய் ஒரு விக்கெட்டும் இல்லாமல் வந்திருக்கிறான். அவனை விட அனுபவமான சுழல்பந்து வீச்சாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அடுத்த குழாமில் அவன் பெயரை எழுதுவீங்களா? உண்மையைச் சொன்னால், நம்மில் பலர் வெட்டியிருப்போம். "சான்ஸ் குடுத்துப் பாத்தாச்சு, வரல" என்று சொல்லியிருப்போம். அந்த ஒரு வசனத்தில் எத்தனை பேருடைய கதை முடிந்துபோயிருக்கும்.

முரளியின் பெயரை வெட்டவில்லை. 1992 ஓகஸ்டில் அலன் போர்டரின் அவுஸ்திரேலிய அணி இங்கே வந்தது. பயிற்சிப் போட்டி ஒன்றில் முரளிக்கு அவர்களுக்கு எதிராகப் பந்துவீச வாய்ப்புக் கிடைத்தது. எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடந்த முதலாவது டெஸ்டில் இலங்கை முதல் இன்னிங்ஸில் 291 ஓட்டங்கள் முன்னிலை பெற்றும், கடைசியில் 16 ஓட்டங்களால் தோற்றுப்போனது. அந்தக் காயம் ஆறுவதற்குள், ஓகஸ்ட் 28ஆம் திகதி கெத்தாராமையில் தொடங்கிய இரண்டாவது டெஸ்டில் 20 வயது முரளி அறிமுகமானார். முதல் விக்கெட் கிரெய்க் மக்டெர்மட். மொத்தம் 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். பிரமாதம் என்று சொல்ல முடியாத ஆரம்பம்.

1995 டிசம்பர் வரை கணக்கைப் பார்த்தால் 22 டெஸ்ட், 80 விக்கெட், சராசரி 32.74. நாட்டின் முதன்மைப் பந்துவீச்சாளர் என்று சொல்லலாம். உலகின் முதன்மைப் பந்துவீச்சாளர் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நிலையில் இருந்தவரைத்தான் அடுத்த சோதனை பிடித்தது.

டிசம்பர் 26

மெல்பேர்ன், 1995. பார்வையாளர்கள் 55,000க்கு மேல். நடுவர் டெரல் ஹெயார் பந்துவீச்சு முனையில் நின்றுகொண்டே, முரளி பந்தை எறிகிறார் என்று சொல்லி மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோ-போல் கொடுத்தார்.

இந்த இடத்தில் 32 வருடம் பின்னால் போய் ஒரு விஷயத்தைப் பார்க்கணும். 1963 டிசம்பர், பிரிஸ்பேன். அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் இயன் மெக்கிஃப் தன் முதல் ஓவரைப் போடுகிறார். நடுவர் கொலின் ஈகர் அந்த ஒரே ஓவரில் நான்கு தடவை நோ-போல் கொடுக்கிறார். அணித் தலைவர் ரிச்சி பெனோ, மெக்கிஃபை நிறுத்தினார். அந்த மட்ச்சில் திரும்பப் பந்து கொடுக்கவே இல்ல. மட்ச் முடிந்ததோடு மெக்கிஃப் கிரிக்கெட்டை விட்டே போய்விட்டார். வயது 28. பெனோவைக் குற்றம் சொல்லவும் முடியாது. நடுவர் தீர்ப்பை மதித்தார், அவ்வளவுதான். ஆனால் ஒரு மனிதனின் ஆட்டம் ஒரு ஓவரில் முடிந்தது.

மெல்பேர்னில் அர்ஜுன ரணதுங்க வேறு விதமாக யோசித்தார். முரளியை ஹெயாரின் முனையிலிருந்து எடுத்துவிட்டு, மறுமுனையில், நடுவர் ஸ்டீவ் டன் நின்ற பக்கம் போட வைத்தார். அங்கிருந்து முரளி 32 ஓவர்கள் போட்டார். ஒரு நோ-போலும் இல்ல. அதே கை, அதே பந்து.

பத்து நாள் கழித்து, 1996 ஜனவரி 5ஆம் திகதி, பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் போட்டி. இந்தத் தடவை நடுவர் ரொஸ் எமர்சன். திரும்பவும் மூன்று ஓவர்களில் ஏழு நோ-போல். முரளி லெக் பிரேக் போட்டுப் பார்த்தார். அந்தப் பந்தை எறிந்து போடுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதுக்கும் நோ-போல்.

இங்கேதான் சபை இன்னொரு இடத்தைப் பிடித்து வைத்தது. முரளியை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்கும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பிப் பரிசோதித்தார்கள். பிறவியிலேயே அவருடைய முழங்கை முழுசாக நிமிராது, அதனால்தான் கண்ணுக்கு எறிவது போலத் தெரிகிறது என்று முடிவு வந்தது. அதே 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது முரளி அந்தப் பதினொருவரில் ஒருவராக நின்றார். மூன்று மாதத்துக்கு முன்னால் அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, "உலகக் கிண்ணம் வருது, ரிஸ்க் எடுக்க ஏலாது" என்று சொல்லியிருந்தால் யாரும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடிலெயிட்டில் எல்லைக்கோடு வரை

1998 ஓகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் முரளி ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்தார். பூச்சியம் விக்கெட்டோடு திரும்பி வந்த அதே இங்கிலாந்தில், ஏழு வருடம் கழித்து. அந்த ஏழு வருடத்தை யாரோ அவருக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதை மறக்க வேணாம்.

1999 ஜனவரி 23, அடிலெயிட், இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டி. திரும்பவும் எமர்சன். திரும்பவும் நோ-போல். ரணதுங்க நடுவரோடு விரல் நீட்டி வாதாடினார். பிறகு முழு அணியையும் எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். தொலைபேசியில் பேச்சு நடந்து, ஆட்டம் தொடர்ந்தது. முரளி தொடர்ந்து பந்து வீசினார். இலங்கை 303 ஓட்ட இலக்கை ஒரு விக்கெட் மிச்சம் இருக்க அடைந்தது. ரணதுங்கவுக்கு அபராதமும், ஒத்திவைக்கப்பட்ட ஆறு போட்டித் தடையும் கிடைத்தது.

ரணதுங்க செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் கிரிக்கெட் உலகில் சண்டை இருக்கு. நடுவரோடு அப்படி நடந்துகொள்வது சரியில்ல என்பவர்களின் கருத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு: ஒரு வீரருக்கு இடம் பிடித்து வைப்பது இலவசமா நடக்காது. பிடித்து வைப்பவர் ஏதாவது ஒன்றைச் செலவழிக்கணும். சுனில் பெர்னாண்டோ செலவழித்தது பொறுமை. தெரிவாளர்கள் செலவழித்தது குழாமில் ஓரிடம். ரணதுங்க செலவழித்தது தன் பெயரை.

பிறகு விஞ்ஞானமும் விதியும் மெதுவாக வந்து சேர்ந்தன. பெரும்பாலான பந்துவீச்சாளர்கள் தெரியாமலே முழங்கையைக் கொஞ்சம் நிமிர்த்துகிறார்கள் என்று கமராக்கள் காட்டிக் கொடுத்தன. 2005 மார்ச் முதல் எல்லாருக்கும் 15 பாகை வரை அனுமதி என்று சர்வதேசக் கிரிக்கெட் சபை விதியை மாற்றியது. 2007 டிசம்பர் 3ஆம் திகதி முரளி போல் கொலிங்வுட்டை போல்ட் செய்து ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையைத் தாண்டினார். எங்கே? எங்கட அஸ்கிரியவில். படித்த பாடசாலைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில், தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில், 800.

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. 1995 டிசம்பர் 26 காலை வரை 80. அன்றிலிருந்து 720. மெக்கிஃப் மாதிரி முரளியும் அன்றைக்கே நிறுத்தப்பட்டிருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது பத்தில் ஒரு பங்கு முரளி. அவரை இன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வெட்டப்பட்ட பெயர்கள்

இடம் பிடித்து வைத்த கதையைச் சொல்லிவிட்டு, இடம் இழந்தவர்களின் கதையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்ல. ருவான் கல்பகே 1970ல் கண்டியில் பிறந்தவர். அவரும் ஓஃப் ஸ்பின்னர். துடுப்பாடவும் தெரியும், களத்தடுப்பும் நல்லா இருக்கும். 86 ஒருநாள் போட்டிகள் ஆடினார். ஆனால் டெஸ்ட் 11 மட்டும்தான். ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே வகைப் பந்து. முரளி வேரூன்றிவிட்ட டெஸ்ட் அணியில் இரண்டாவது ஓஃப் ஸ்பின்னருக்கு எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கும்? கல்பகேயிடம் திறமை இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாற்பது பேர் பட்டியலில் நாற்பத்தோராவது ஆளுக்கும் திறமை இருக்கும். அதனால்தான் "திறமை தானா மேல வரும்" என்ற வசனம் கொஞ்சம் கொடூரமானது. மேலே வராத எல்லாரையும் அது திறமையற்றவர்கள் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

இன்னொரு விஷயத்தையும் கதைக்கணும். மெல்பேர்னில் இந்தக் கூத்து நடந்த அதே 1995 டிசம்பரில் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் விழுந்தது. அதற்கு முன்னால் லட்சக்கணக்கான மக்கள் ஊரை விட்டு வெளியேறியிருந்தார்கள். அந்த வேளையில் ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக நின்றார் என்பதைப் பலர் இன ஐக்கியத்தின் போஸ்டராக ஒட்டினார்கள். வேறு பலர் அந்தப் போஸ்டரைப் பார்த்து எரிச்சல்பட்டார்கள். முரளியின் அரசியல் பேச்சுகளோடு தமிழர்களுக்கு இருக்கிற சண்டை, 2020ல் "800" படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகிய அளவுக்குப் போனது. அந்தச் சண்டை அதன் பாட்டுக்கு இருக்கட்டும். ஒரு தனி மனிதருக்கு மைதானத்தில் கிடைத்த பாதுகாப்பை வைத்து ஒரு சமூகத்துக்கே பாதுகாப்பு இருந்தது என்று நிரூபிக்க முடியாது. அதே நேரம், அந்தத் தனி மனிதருக்குக் கிடைத்த பாதுகாப்பு பொய்யும் இல்ல.

பட்டியலுக்கே வராதவர்கள்

மலையகத் தமிழருக்குப் பட்டியல் என்ற சொல் புதுசு இல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கட முன்னோரில் பெரும்பாலானவர்களை நாட்டின் பட்டியலிலிருந்தே வெளியே வைத்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எண்ணிப் பிரித்தார்கள். அந்த 150,000 பேர் பத்து வருடம் யாருடைய பட்டியலிலும் இல்லாமல் காத்திருந்தார்கள். 1974ல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். யாரை வைத்திருப்பது, யாரை விடுவது என்ற கேள்வி எங்கட தாத்தா பாட்டிமாருக்கு விளையாட்டுக் கேள்வியாக இருக்கல.

முரளிக்குக் கிடைத்த பாதுகாப்புகளில் முதலாவது, பயிற்றுநருக்கும் முன்னால் வந்தது, அவருடைய வீடு. எரிந்த தொழிற்சாலையைத் திரும்பக் கட்டக்கூடிய ஒரு தகப்பன். பையன் பதினேழு பதினெட்டு வயதில் சம்பளம் கொண்டு வரணும் என்று எதிர்பார்க்காத ஒரு குடும்பம். புல் மைதானமும் டேர்ஃப் விக்கெட்டும் உள்ள ஒரு பாடசாலை. இதெல்லாம் இருந்த பிறகுதான் சுனில் பெர்னாண்டோவின் யோசனைக்கு வேலை வந்தது.

குண்டசாலையிலிருந்து தெல்தெனிய, ஹேவாஹெட்ட, புசல்லாவைப் பக்கம் மேலே ஏறிப் பாருங்க. சமதரையான இடம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் தேயிலையோ பெக்டரியோ இருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொஃப்ட்போல் மட்ச் நடக்கும். லயத்துக்குப் பக்கத்துல, ஒரு பக்கம் சரிஞ்ச கிரவுண்ட்ல, மணிக்கட்டைச் சுழற்றி ஆளைத் திக்குமுக்காட வைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தோல் பந்து கையில் கிடைக்கிறதே அபூர்வம். எல்லாவற்றையும் விட முக்கியம், அவர்களுக்குக் காத்திருக்க வசதியில்ல. சாதாரண தரம் முடிந்ததும் கொழும்பில் ஒரு கடை கூப்பிடும். வீட்டில் அம்மாவின் நாட்சம்பளத்தோடு இன்னொரு சம்பளம் தேவை. ஐந்து போட்டிகளில் பூச்சியம் விக்கெட் எடுக்கிற உரிமை அவர்களுக்கு இல்ல. ஒரு போட்டியில் பூச்சியம் எடுத்தாலே கதை முடிந்தது.

பேஸ்போல் விதியில் நான் மதிக்கிற விஷயம், அது காத்திருப்பதற்கு ஒரு கணக்கு வைத்திருப்பது. நான்கு வருடமோ ஐந்து வருடமோ உனக்கு இடம் இருக்கு, அதற்குள் நாங்கள் முடிவெடுக்கணும், முடிவெடுக்க ஏலாவிட்டால் உன்னை வேறு யாராவது எடுக்க விடணும். முதலாளிகள் போட்ட விதிதான், அதில் வியாபாரம் நிறைய இருக்கு. ஆனாலும் "பாத்தாச்சு, வரல" என்று ஒரே நாளில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இதற்குப் பெரிய சபையெல்லாம் தேவையில்ல. ஒரு தோட்டத்து இளைஞர் கழகம் தன் 11 பேரில் இரண்டு இடத்தை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று ஒதுக்கி, ஒரு சீசன் முழுக்க மாற்றாமல் வைத்திருக்கலாம். தோற்றாலும் மாற்றக்கூடாது. கொழும்பில் வேலை செய்கிற அண்ணன்மார் சேர்ந்து, கிண்ணத்துக்கும் மைக் செட்டுக்கும் போகிற காசில் ஒரு பகுதியை ஒரு பையனின் பஸ் காசுக்கும் ஒரு சோடி சப்பாத்துக்கும் கொடுக்கலாம். உயர்தரம் படிக்கிற இரண்டு வருடம் ஒரு பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் வைத்திருப்பதும் இதே மாதிரி ஓர் இடம் பிடித்து வைப்பதுதான். கிரிக்கெட்டுக்கு மட்டுமில்ல, படிப்புக்கும் பாட்டுக்கும் எழுத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்த தடவை யாராவது முரளியின் பெயரைச் சொல்லி எங்கட வாயை அடைக்க வந்தால், மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்போம். "ஐயா, முரளி இங்கிலாந்துல இருந்து பூச்சியம் விக்கெட்டோட வந்த பிறகும் ஒரு வருஷம் இடம் வச்சிருந்தாங்க. எங்கட தோட்டத்துப் பையனுக்கு எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"